வீட்டில் ஒரு விதம், வெளியில் ஒரு விதம்: பேச்சும் உடல்மொழியும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பெற்றோர் என்னிடம் கேட்பதில் பாதி தமிழைப் பற்றியதாகவே இருக்காது. "வீட்ல வாயே மூட மாட்டான் டீச்சர், இங்க ஏன் இப்படி இருக்கான்?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அப்புறம் பேச்சு வளர்ந்து அலுவலகத்துக்குப் போகும், மாமியார் வீட்டுக்குப் போகும், தாத்தா பாட்டி வரை போகும். உளவியல் படித்த ஆர்வத்தில் எனக்குத் தெரிந்தவற்றை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவரை ஒரே இடத்தில், ஒரே தடவை பார்த்து 'இவர் இப்படித்தான்' என்று முடிவு கட்டுவது அநியாயம். மனிதர்கள் இடத்துக்கு இடம் மாறுகிறார்கள். அந்த மாற்றத்திலும் ஒவ்வொருவருக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பார்க்க வேண்டியது அந்த ஒழுங்கை.

இடத்துக்கு இடம் வேறு மாதிரி நடப்பவரை இரட்டை வேடக்காரர் என்று சொல்லலாமா?

பெரும்பாலும் சொல்லக்கூடாது. ஒருவர் காலையில் மின்தூக்கியில் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியைப் பார்த்துத் தலையசைத்துப் புன்னகைக்கிறார். அலுவலகக் கூட்டத்தில் அளந்து பேசுகிறார். மதியம் தேக்கா உணவங்காடியில் நண்பர்களோடு மேசையைத் தட்டிச் சிரிக்கிறார். மாலையில் மாமனார் முன்னால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். இவர் வேடம் எதுவும் போடவில்லை. இடம் பொருள் ஏவல் தெரிந்தவர் என்று நம் வீடுகளில் பாராட்டுவது இப்படிப்பட்டவரைத்தான்.

இரட்டை வேடம் என்பது வேறு. ஒரே விஷயத்தை உங்களிடம் ஒன்றாகவும் இன்னொருவரிடம் அதற்கு நேர்மாறாகவும் சொல்லி, நடுவில் ஆதாயம் தேடுவது அது. குரல் மாறுவது குற்றமில்லை, வாக்கு மாறுவதுதான் குற்றம்.

எங்கும் ஒரே மாதிரி இருப்பதுதான் உண்மையான ஆளுமை என்ற எதிர்பார்ப்பும் எல்லாப் பண்பாட்டுக்கும் பொதுவானதல்ல. அமெரிக்காவில் டாமி இங்லிஷ், செரீனா சென் என்ற இரு ஆய்வாளர்கள் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆசிய வம்சாவளி அமெரிக்கர்கள் அம்மாவிடம் இருக்கும் விதத்துக்கும் நண்பரிடம் இருக்கும் விதத்துக்கும் இடையே வித்தியாசம், ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்களைவிடக் கூடுதலாக இருந்தது. ஆனால் அதே உறவில், காலம் கடந்து பார்த்தால் அவர்களும் மாறாமல்தான் இருந்தார்கள். அம்மாவிடம் அன்று எப்படியோ, பிறகும் அப்படியே. நம் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

அப்படியானால் நிலையான குணம் என்று ஒன்று உண்டா, இல்லையா?

உளவியலில் நெடுங்காலம் சண்டை மூட்டிய கேள்வி இது. 1920களில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரு அமெரிக்கர்கள் பல ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு நேர்மைச் சோதனைகள் வைத்தார்கள். தேர்வில் ஏமாற்றும் வாய்ப்பு, விளையாட்டில் ஏமாற்றும் வாய்ப்பு, பொய் சொல்லும் வாய்ப்பு என்று வெவ்வேறு இடங்களில். ஓரிடத்தில் ஏமாற்றிய பிள்ளை இன்னோரிடத்திலும் ஏமாற்றும் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டுக்கும் தொடர்பு இருந்தது, ஆனால் சிறியது.

1968இல் உளவியலாளர் வால்டர் மிஷல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, ஒரு சூழலின் நடத்தைக்கும் இன்னொரு சூழலின் நடத்தைக்கும் உள்ள தொடர்பு 0.30ஐத் தாண்டுவது அரிது என்று எழுதினார். தொடர்பே இல்லையென்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1 என்பது கணக்கு. குணம் என்பதே நம் கற்பனையோ என்று சிலர் பேசும் அளவுக்கு அது போயிற்று.

பதில் இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. 1979இல் சீமோர் எப்ஸ்டீன், ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிடுவதே தவறு என்றார். ஒருவரின் பல நாள் நடத்தையின் சராசரியை இன்னும் பல நாள் சராசரியோடு ஒப்பிட்டபோது தொடர்பு வெகுவாக உயர்ந்தது. 2001இல் வில்லியம் ஃபிளீசன், மாணவர்களிடம் ஒரு நாளில் பல தடவை 'இப்போது எப்படி நடந்துகொள்கிறாய்' என்று பதியச் சொன்னார். ஒரே ஆள் ஒரே வாரத்துக்குள் கலகலப்புக்கும் அமைதிக்கும் இடையே தாராளமாகப் போய்வந்தார். ஆனால் அவருடைய சராசரி வாரத்துக்கு வாரம் அவ்வளவாக அசையவில்லை.

இன்னொரு பதிலைத் தந்தவர் மிஷலேதான். அவரும் யூச்சி ஷோடாவும் ஜாக் ரைட்டும் ஒரு கோடைக்கால முகாமில் பிள்ளைகளை நாள்கணக்கில் கவனித்து 1994இல் எழுதினார்கள். சக பிள்ளை கேலி செய்தால் என்ன செய்கிறான்? பெரியவர் எச்சரித்தால்? பாராட்டினால்? ஒருவன் கேலிக்கு மட்டும் பாய்வான், பெரியவர் கண்டித்தால் அடங்கிவிடுவான். இன்னொருவனுக்கு அப்படியே தலைகீழ். மொத்தக் கோபத்தைக் கூட்டினால் இரண்டு பேரும் சமமாகக்கூட வரலாம். ஆனால் 'இப்படி நடந்தால் இவன் இப்படிச் செய்வான்' என்ற அமைப்பு அவரவர்க்கு உரியதாக, திரும்பத் திரும்ப அதே மாதிரி வந்தது. இந்த விஷயத்தில் வந்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான். 'இவன் கோபக்காரன்' என்று சொல்வதால் யாருக்கும் உதவி இல்லை. 'இவனைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டால் கோபம் வரும்' என்று தெரிந்தால் ஏதாவது செய்யலாம்.

அதிகம் மாறுவது பேச்சா, உடல்மொழியா?

பேச்சு என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. *என்ன* பேசுகிறோம் என்பது எளிதில் மாறும். முதலாளியிடம் கால்பந்து பேசுவதில்லை, நண்பனிடம் வரவு செலவு அறிக்கை பேசுவதில்லை. *எப்படி* பேசுகிறோம் என்பது, அதாவது குரலின் உரம், வேகம், கையை வீசும் அளவு, சிரிக்கும் விதம், சுலபத்தில் விட்டுப்போகாது.

கார்டன் ஆல்போர்ட்டும் பிலிப் வெர்னனும் 1933லேயே நடை, கையெழுத்து, கையசைவு போன்றவற்றை அளந்து பார்த்து, ஒருவருடைய அசைவுகளில் அவருக்கே உரிய பாணி தொடர்ந்து வருவதைக் காட்டினார்கள். டேவிட் ஃபன்டரும் ராண்டால் கால்வினும் 1991இல் மாணவர்களை வெவ்வேறு ஆட்களோடு வெவ்வேறு சந்திப்புகளில் பேசவிட்டு வீடியோ எடுத்து ஆராய்ந்தார்கள். உரத்த குரல், பயந்த சுபாவம் போன்றவை ஒரு சந்திப்பிலிருந்து இன்னொன்றுக்கு நன்றாகவே தொடர்ந்தன. நாமே யோசித்துத் தேர்ந்தெடுக்கும் செயல்களைவிட, யோசிக்காமல் வரும் செயல்கள் இடத்துக்கு இடம் ஒத்துப்போவது இயல்புதான் என்று எனக்குப் படுகிறது.

அதற்காகச் சொற்கள் எல்லாம் காற்றில் பறப்பவை என்று நினைத்துவிட வேண்டாம். மத்தியாஸ் மேலும் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் 2003இல் 52 மாணவர்களின் உடையில் ஒரு ஒலிப்பதிவுக் கருவியைப் பொருத்தினார்கள். அது ஏறக்குறைய 12 நிமிடத்துக்கு ஒருமுறை 30 விநாடி பதிவு செய்யும். இரண்டு நாள் பதிவு, நான்கு வாரம் கழித்து மறுபடி இரண்டு நாள். அன்றாடப் பேச்சின் சொற்பழக்கம் காலம் கடந்தும், இடம் மாறியும் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்திருந்தது. 'நான்' என்று எத்தனை தடவை சொல்கிறோம், எவ்வளவு பேசுகிறோம் போன்ற சின்னச் சின்ன விஷயங்களை நாம் கவனிப்பதே இல்லை. அதனாலேயே அவை மாறாமல் கூடவே வருகின்றன.

ஆசிரியர் ஒன்று சொல்கிறார், நாங்கள் வீட்டில் பார்ப்பது வேறு. யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரி. பெற்றோர்–ஆசிரியர் சந்திப்பில் இந்த இடத்தில்தான் முகங்கள் இறுகும். அம்மாவுக்கு ஆசிரியர் பிள்ளையைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று தோன்றும், ஆசிரியருக்கு அம்மா மறைக்கிறார் என்று தோன்றும்.

தாமஸ் ஆக்கன்பாக்கும் அவருடைய சகாக்களும் 1987இல் 119 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். ஒரே பிள்ளையைப் பற்றி அம்மாவும் அப்பாவும் சொல்வது ஏறக்குறைய 0.60 அளவுக்கு ஒத்துப்போனது. பெற்றோர், ஆசிரியர் என்று வெவ்வேறு இடங்களில் பிள்ளையைப் பார்ப்பவர்களின் கருத்துகள் 0.28 அளவுக்குத்தான் ஒத்துப்போயின. கிட்டத்தட்ட மிஷல் சொன்ன அதே எண். யாரும் பொய் சொல்லவில்லை. பிள்ளை இரண்டு இடத்திலும் இரண்டு விதமாக இருக்கிறது, ஒவ்வொருவரும் தங்கள் பங்கைப் பார்க்கிறார்கள்.

என் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். கேள்வி கேட்டால் பென்சில் பையின் ஜிப்பைப் பாதி திறப்பாள், மூடுவாள், மறுபடி பாதி திறப்பாள். உதடு அசையும், சத்தம் வராது. ஒரு நாள் அவள் வீட்டுப் புளோக்கின் கீழ்த்தளத்தைக் கடந்து போனேன். ஓடிப் பிடிக்கும் விளையாட்டுக்கு அவள்தான் தலைவி! யார் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று தூணுக்குத் தூண் கத்திக்கொண்டிருந்தாள், பாதித் தமிழில், பாதி ஆங்கிலத்தில். அதன் பிறகு அவளை முப்பது பேர் முன்னால் எழுப்பிக் கேள்வி கேட்பதை விட்டேன். இருவர் இருவராகப் பேசும் பயிற்சியில் முதலில் அவளைப் பேசவைத்தேன். அங்கே ஜிப்பைத் தொடவில்லை. அப்புறம் நான்கு பேர் குழு. வகுப்பு முன்னால் பேச ரொம்ப நாள் ஆயிற்று, ஆனால் பேசினாள்.

அதனால் சந்திப்புக்குப் போகும்போது 'என் பிள்ளை கலகலப்பானவள்' என்று பொதுவாகச் சொல்லாமல், எப்போது, யாரோடு, என்ன செய்துகொண்டிருக்கும்போது என்று சொல்லுங்கள். ஆசிரியரிடமும் அதையே கேளுங்கள். தனியாகவா, குழுவிலா? காலையிலா, துணைப்பாட நேரத்தில் களைத்த பிறகா? சில வாரம் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தாலே நீங்களே ஒரு வடிவத்தைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

ஆங்கிலத்தில் சரளமாகப் பேசும் பிள்ளை, தமிழ் என்றால் கூனிக் குறுகுகிறதே?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் வீட்டில் அதிகம் பேசும் மொழியாகத் தமிழைச் சொன்னவர்கள் 2.5 விழுக்காட்டினர்தான். பல பிள்ளைகளுக்குத் தமிழ் என்பது வகுப்பறையிலும் தேர்வறையிலும் மட்டும் சந்திக்கும் மொழி. அப்படியென்றால் அவர்கள் 'தமிழ்ச் சூழல்' என்று அறிந்ததே மதிப்பெண் போடும் சூழல்தான். தோள் குறுகுவதும் குரல் இறங்குவதும் அந்தச் சூழலுக்கான எதிர்வினை. பிள்ளையின் சுபாவம் என்று அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிஎஸ்எல்இ எனப்படும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் வாய்மொழிப் பகுதியில் காணொளியைப் பார்த்து உரையாட வேண்டும். அதற்கு மாதிரி விடைகளை மனப்பாடம் செய்யவைப்பதைவிட, தேர்வுக்குத் துளியும் சம்பந்தமில்லாத இடங்களில் தமிழைப் புழங்கவிடுவது நல்லது. சைக்கிள் ஓட்டும்போது, தோசை ஊற்றும்போது, பாட்டியோடு சீட்டு விளையாடும்போது. மொழி எத்தனை சூழல்களோடு ஒட்டிக்கொள்கிறதோ அத்தனைக்கு உடம்பும் தளரும். இதில் பெற்றோர்தான் முதலில் தமிழுக்குத் திரும்ப வேண்டும். பிள்ளையிடம் எதிர்பார்ப்பதை நாமே வீட்டில் செய்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

வெறும் கூச்சமா, வேறு ஏதாவதா என்று எப்படித் தெரியும்?

வீட்டில் நன்றாகப் பேசும் பிள்ளை, பள்ளி போன்ற சில இடங்களில் ஒரு சொல்கூடப் பேசாமல் இருப்பது ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் கவனியுங்கள். பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மொழி தெரியாததால் பேசாமல் இருப்பதும் இதில் வராது. இது பதற்றத்தோடு சேர்ந்த ஒரு நிலை, பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தொடங்கும். பிள்ளை வீம்புக்குச் செய்வதல்ல, திட்டினால் கூடும். பள்ளி ஆலோசகரிடமோ பலதுறை மருந்தகத்து மருத்துவரிடமோ பேசுங்கள். வீட்டில் பிள்ளை பேசும் காணொளி ஒன்றை எடுத்துப்போனால் அவர்களுக்குப் பெரிய உதவி.

கண்ணைப் பார்த்துப் பேசாதவர் பொய் சொல்கிறாரா?

இல்லை. உலகம் முழுக்கப் பல நாடுகளில் மக்கள் நம்பும் ஒன்று இது, ஆனால் ஆதாரம் மிகப் பலவீனம். 2003இல் பெல்லா டிபாலோவும் சகாக்களும் பொய்யின் அடையாளங்களாகச் சொல்லப்படும் 158 அறிகுறிகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். பெரும்பாலானவற்றுக்குப் பொய்யோடு தொடர்பே இல்லை, அல்லது மிகச் சொற்பத் தொடர்பு. சார்ல்ஸ் பாண்டும் டிபாலோவும் 2006இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், பொய்யையும் மெய்யையும் பார்த்துப் பிரித்துச் சொல்வதில் மனிதர்கள் சராசரியாக 54 விழுக்காடுதான் சரியாகச் சொன்னார்கள். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும்.

அதோடு, பெரியவர் கண்டிக்கும்போது கண்ணைத் தாழ்த்துவது நம் வீடுகளில் மரியாதை. வீட்டில் "என்ன முறைக்கிற?" என்று அடக்கப்பட்ட பையனிடம் பள்ளியில் "என்னைப் பார்த்துப் பேசு" என்கிறார்கள். பார்த்தாலும் திட்டு, பார்க்காவிட்டாலும் திட்டு என்றால் அவன் என்னதான் செய்வான்?

ஒருவரின் வழக்கத்தை நீங்கள் நெடுநாள் அறிந்திருந்தால், அதிலிருந்து விலகுவதைக் கவனிக்கலாம். அதுகூட ஏதோ மனதை அழுத்துகிறது என்றுதான் சொல்லும். என்ன என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பேச்சில் 93 விழுக்காடு உடல்மொழிதானாமே?

பயிற்சி வகுப்புகளில் ஓயாமல் சொல்லப்படும் இந்த எண் 1967இல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் செய்த சிறு சோதனைகளிலிருந்து வந்தது. விருப்பு வெறுப்பைக் காட்டும்போது சொல், தொனி, முகம் மூன்றும் ஒன்றோடொன்று முரண்பட்டால் கேட்பவர் எதை நம்புகிறார் என்பதுதான் அங்கே கேள்வி. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

நேர்முகத் தேர்வில் அரை மணி நேரம் பார்த்து ஆளை எடைபோடுகிறார்களே? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தானே?

பானைச் சோறு முழுவதும் ஒரே நெருப்பில், ஒரே நீரில் வெந்தது. மனிதர் அப்படி அல்ல.

ஆனாலும் முதல் பார்வையை அடியோடு ஒதுக்கவும் முடியாது. இந்திய வம்சாவளி உளவியலாளர் நளினி அம்பாடி, ராபர்ட் ரோசென்தாலோடு சேர்ந்து 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்களின் 30 விநாடிக் காணொளியைச் சத்தமில்லாமல் பார்த்த அந்நியர்கள் தந்த மதிப்பீடு, பருவ இறுதியில் மாணவர்கள் தந்த மதிப்பீட்டோடு நன்றாகவே ஒத்துப்போனது. கவனியுங்கள்: காணொளி எடுத்தது அவர்கள் பாடம் நடத்தும்போது, கணித்ததும் பாடம் நடத்துவதைப் பற்றி. நேர்முகத் தேர்வு அறையில் காண்பது ஒருவர் நேர்முகத் தேர்வில் எப்படி இருப்பார் என்பதை. வேலையில் எப்படி இருப்பார் என்று தெரிய வேண்டுமானால் வேலையைக் கொஞ்சம் செய்யச் சொல்லிப் பாருங்கள். எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேளுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பிடட்டும்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது உண்மையா?

ஓரளவுக்கு. 1960களை ஒட்டி ஹவாயில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களின் குணங்களை மதிப்பிட்டு வைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் நடுவயதை அடைந்ததும் அவர்களை நேர்கண்டு வீடியோ எடுத்தார்கள். 2010இல் வெளியான முடிவின்படி, சிறுவயதில் 'நன்றாகப் பேசுவான்' என்று குறிக்கப்பட்டவர்கள் நாற்பது ஆண்டுக்குப் பிறகும் சரளமாகப் பேசினார்கள். 'யோசிக்காமல் செய்வான்' என்று குறிக்கப்பட்டவர்கள் உரத்துப் பேசினார்கள்.

மறுபக்கமும் உண்டு. பிரென்ட் ராபர்ட்ஸும் வென்டி டெல்வெக்கியோவும் 2000இல் 152 நெடுங்கால ஆய்வுகளைத் தொகுத்தார்கள். குணத்தின் நிலைத்தன்மை குழந்தைப் பருவத்தில் 0.31, முப்பது வயதையொட்டி 0.64, ஐம்பதுக்கு மேல் 0.74. அதாவது சிறு வயதில்தான் மாற்றத்துக்கு இடம் அதிகம். ஏழு வயதுப் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடாதீர்கள் என்று நான் மன்றாடுவது இதனால்தான்.

தேசிய சேவைக்குப் போய்வந்த மகன் ஆளே மாறிவிட்டானே?

இரண்டு ஆண்டுக் கட்டாய சேவையில் ஒரே சூழலில் வாழ்ந்தவனின் நிற்கும் விதம், பதில் சொல்லும் வேகம், குரல் எல்லாம் அந்தச் சூழலுக்குப் பழகியிருக்கும். அதில் கொஞ்சம் உதிரும், கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். ஜெர்மானிய இளைஞர்களைப் பற்றி 2012இல் வந்த ஓர் ஆய்வில், ராணுவப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுக்கொடுக்கும் குணம் மற்றவர்களைவிடச் சற்றுக் குறைவாக இருந்தது, சில ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படியே. பழைய நண்பர்களோடு, பாட்டியோடு அவன் எப்படி இருக்கிறான் என்று பாருங்கள். அங்கேயும் சிரிப்பில்லை, தூக்கமில்லை என்றால் உட்கார்ந்து பேசவேண்டிய நேரம்.

தாத்தாவின் பேச்சும் நடையும் முன்பு போல இல்லை. வயதாவதுதானே?

அப்படி விட்டுவிடாதீர்கள். அந்த வயதில் குணம் மிகவும் நிலையாக இருக்கும் என்பதால்தான், அங்கே தெரியும் மாற்றத்துக்குக் கூடுதல் அர்த்தம் உண்டு. குரல் மெலிவது, முகத்தில் உணர்ச்சி குறைவது, கையெழுத்து சிறுத்துக்கொண்டே போவது, ஒரு கை வீசாமல் நடப்பது ஆகியவை பார்க்கின்சன் நோயின் தொடக்கமாக இருக்கலாம். ஆயுளெல்லாம் நாசூக்காகப் பேசியவர் கூச்சமின்றிப் புண்படுத்திப் பேசத் தொடங்கினால், ஒரு வகை மறதிநோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். நினைவாற்றல் நன்றாக இருக்கும்போதே இது வரக்கூடும். பேச்சு குறைந்து, பிடித்ததெல்லாம் விட்டுப்போனால் மனச்சோர்வையும் யோசிக்க வேண்டும். மாற்றம் எப்போது தொடங்கியது, எங்கெல்லாம் தெரிகிறது என்று குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். பழைய காணொளி இருந்தால் அதையும் காட்டுங்கள்.

ஓரிரு நாளுக்குள் திடீரென்று குழம்பிப் பேசினால் அன்றே மருத்துவரிடம் காட்டவேண்டும். தொற்று, மருந்து, நீர்ச்சத்துக் குறைவு என்று சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கலாம். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு திடீரென்று குளறினாலோ எதையும் யோசிக்காமல் 995ஐ அழையுங்கள், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் சொல்லுங்கள். பக்கவாதத்தில் சில சிகிச்சைகளைத் தொடக்கத்தின் சில மணி நேரத்துக்குள்தான் தர முடியும்.